இளரத்தம்

ஜனவரியில் கசப்பு ஆரஞ்சு கடைக்கு வந்துவிட்டால் அட்ராக்டா லாவெல் வீட்டில் இரண்டு நாளைக்கு மர்மலேட் என்கிற ஆரஞ்சுத் தோல் ஜாம் காய்ச்சுகிற வேலைதான். பழம் பிழிவது, விதையைத் துணியில் முடிந்து போடுவது, சர்க்கரை கொட்டிக் கிளறுவது எல்லாம் அவள். தோல் அரிவது மட்டும் புருஷன் மாலகி. அவளுக்கு நண்டு ஆலையில் வேலை. வெந்த நண்டின் கொடுக்கை உடைத்து உடைத்துச் சதை எடுத்ததில் விரல் நுனியெல்லாம் கீறல். அதில் ஆரஞ்சுச் சாறு பட்டால் உயிர் போய் உயிர் வரும்.

அந்த வருஷமும் மாலகி சமையலறை மேஜையில் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தான். கடலிலிருந்து வந்த மழை ஜன்னலில் பக்கவாட்டில் அடித்தது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி அடுப்பில் ஈரம் விடாமல் புகைந்தது. அடுப்போரம் அவன் அண்ணன் பார்ட்லி, காலுறைக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான். கல்யாணம் பண்ணாதவன், பிறந்த வீட்டைவிட்டு நகராதவன். அட்ராக்டா அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாய் அவன் அதே நாற்காலியில்தான் இருந்தான்.

மாலகி எழுந்து போய்க் குழாயில் இரண்டு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தான். வந்து உட்கார்ந்து ஒரு பழத்தின் தோலை முடித்திருக்க மாட்டான், மறுபடி எழுந்தான்.

"கிணத்தையே குடிச்சிருவ போலிருக்கே" என்றாள் அட்ராக்டா.

"ஆரஞ்சு வாசனை தொண்டையக் காய வைக்குது."

"கிறிஸ்துமஸுக்கு முந்தியே காய்ஞ்சுதே, அப்ப எங்க இருந்துச்சு ஆரஞ்சு?"

"உனக்கு எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கணும்."

அவள் கரண்டியைச் சட்டியின் மேல் வைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பிலிருந்து சர்க்கரை பார்க்கிற மீட்டரை எடுத்தாள். டிசம்பரில் அவளே மருந்துக்கடையில் வாங்கியது. மாலகி முகத்தைச் சுளித்தபடி விரலை நீட்டினான். ஊசி குத்தினாள், சொட்டு எடுத்தாள், எண்ணைப் பார்த்ததும் கத்தினாள்.

"இருபத்தொண்ணு!"

ஏழு எட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டிய எண். நம் ஊர் மீட்டராக இருந்தால் முந்நூற்று எண்பது காட்டியிருக்கும்.

"இருபத்தொண்ணு எனக்குப் பொண்ணு பார்த்த வயசு" என்றான் பார்ட்லி. "அதுவும் பொய்யாத்தான் போச்சு."

அட்ராக்டா மாலகியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் ஆரஞ்சுச் சாறு. தலையில் அடித்துக்கொண்டு அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, அடுத்த கையில் குத்தினாள். பதிமூன்று.

மாலகிக்கு வந்த சிரிப்பில் மேஜை குலுங்கியது. "பார்த்தியா பார்ட்லி? இந்த மெஷின் என் சர்க்கரைய அளக்கல. இவ மர்மலேடை அளக்குது!"

"பதிமூணும் அதிகம்தான் மாலகி."

"லேப்ல என்ன சொன்னாங்க? சொல்லேன். நீதானே ஃபோனை எடுத்த."

அவள்தான் எடுத்தாள். போன இலையுதிர் காலத்திலிருந்தே மாலகிக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. உடம்பில் இரும்பு தங்கிப்போகிற வியாதி. பரம்பரையாக வருவது, அந்தக் கடற்கரையில் புதுசில்லை. ஈரல் கெடாமல் இருக்க வாரம் ஒரு பை ரத்தம் எடுத்துக் கொட்டினார்கள். "முன்னாடி பண்ணையார் உறிஞ்சினான், இப்ப ஆஸ்பத்திரி உறிஞ்சுது" என்பான் பார்ட்லி. அதோடு தாகமும் சேர்ந்துகொண்டபோது ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஹெஷன் அம்மாள் சர்க்கரைக்கும் ஒரு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற பரிசோதனை. வரவேற்பில் இருக்கும் பெண் ஃபோனில் சொன்னாள்: சரியாக இருக்கிறது, கொஞ்சம் எல்லையை ஒட்டி இருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

அந்த ஒரு வாக்கியத்தை மாலகி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அது வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். சர்க்கரைக்கு ஊசி என்று ஒருமுறை எழுதிவிட்டால், எழுதின அன்றைக்கே பஸ் கையைவிட்டுப் போகும். திரும்பி வருவது யார் யாரோ கையெழுத்துப் போட்டால்தான். அந்தப் பஸ் இல்லாவிட்டால் அவனுக்கு இருப்பது ஈரப் புல்லில் நொண்டுகிற ஆடுகளும் பார்ட்லியின் பேச்சும்தான்.

மர்மலேட் ஆறியதும் அட்ராக்டா மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரி டீலியா பொறுமையாகக் கேட்டாள்.

"மெஷின்ல சொருகுற பட்டையை எங்க வெச்சிருக்கீங்க?"

"அடுப்பு ஜன்னல்ல."

"அய்யோ, ஆவி படுமே. டப்பா மூடி?"

"சில சமயம் தெறந்திருக்கும்."

"அதுலயே பாதி கெட்டிருக்கும். புதுசு தர்றேன், படுக்கையறை அலமாரில வையுங்க. கைய எப்பவும் கழுவிட்டு, துடைச்சிட்டுப் பாருங்க. விரல் சில்லுனு இருந்தா பிதுக்காதீங்க. இந்த மெஷினையும் எடுத்துட்டுப் போங்க, ரெண்டுலயும் பார்த்துட்டுச் சொல்லுங்க." அட்ராக்டா பையை எடுக்கும்போது டீலியா மறுபடி சொன்னாள். "அப்பவும் அப்படியே வந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். இவ்வளவு தள்ளி இருக்கக் கூடாது."

புதுப் பட்டை, புது மெஷின், கழுவின கை. வெறும் வயிற்றில் ஒன்பதரை. சாப்பிட்ட பிறகு பதினான்கு. பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் தின்ற நாளும் அப்படித்தான், ரொட்டி தின்ற நாளும் அப்படித்தான்.

அவள் தன் விரலிலும் குத்திப் பார்த்தாள். ஐந்து. பார்ட்லியின் நாற்காலிக்குப் போனாள்.

"என்னை எதுக்கும்மா குத்துற? நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"உன் தம்பிக்கு மெஷின் மேல நம்பிக்கை இல்ல. நீ சாட்சி."

"ஆறு" என்று வந்தது.

"பார்த்தியா மாலகி?" என்றாள். "எனக்குச் சரியாச் சொல்லுது, உங்கண்ணனுக்குச் சரியாச் சொல்லுது. உனக்கு மட்டும் ஏன் பொய் சொல்லணும்?"

"நீயும் அண்ணனும் சேர்ந்து எனக்கு எதிரா நிக்கிறது போதாதுன்னு, மெஷினையும் சேர்த்துக்கிட்ட."

"டாக்டர்கிட்ட போவோம். ரெண்டு நம்பரையும் முன்னாடி வைப்போம். அவங்க சொல்லட்டும்."

"சொல்லியாச்சு. பெரிய மெஷின், படிச்சவங்க பார்த்துச் சொல்லியாச்சு. மறுபடி போய் எனக்கு வியாதி குடுங்கன்னு வரிசைல நிக்கச் சொல்றியா?" அவன் குரல் உயர்ந்தது. "நான் படுக்கைல விழணும், நீ என்னைத் தாங்கித் தாங்கி ஊர்ல நல்ல பேர் வாங்கணும். அதானே உனக்கு வேணும்?"

அன்றிலிருந்து விரல் கொடுப்பதை நிறுத்திவிட்டான்.

பிப்ரவரி முழுக்கக் காற்று. ஆடுகள் குட்டி போடுகிற நேரத்தில்தான் வானம் அப்படிக் கவிழும். மாலகி காலையில் பஸ், வந்ததும் கோரைப்புல் மேட்டில் ஆடு, மூன்று மணிக்கு மறுபடி பஸ், இருட்டும்வரை கொட்டகை என்று அலைந்தான். பெல்ட்டில் ஆணியை வைத்து இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டான். "ரத்தம் எடுக்கறாங்கல்ல, இளைக்காம?" என்றான். சோறு தின்ற கையோடு மேஜையிலேயே தூங்கினான். "ராத்திரி எத்தனை ஆட்டுக்கு எந்திரிச்சேன் தெரியுமா?" என்றான். எந்திரித்தது ஆட்டுக்கு மட்டும் இல்லை என்று ஒரே கட்டிலில் படுக்கிற அவளுக்குத் தெரியாதா? எது கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் அவள் முகத்துக்கு நேராகச் சாத்துகிற கதவாக இருந்தது.

நண்டு மேஜையில் நின்று கொடுக்கை உடைக்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. லேபில் இருப்பவர்கள் அறியாதவர்களா? ஒரு சின்ன டப்பாவை நம்பி நான் கட்டினவனைத் துரத்துகிறேனா? அவன் சொன்ன மாதிரி, எனக்குள்ளேயே அப்படி ஒரு ஆசை கிடக்கிறதா? சதையில் ஓட்டுத் துண்டு விட்டுவிட்டு மேஸ்திரியிடம் இரண்டுமுறை பேச்சு வாங்கினாள். டாக்டர் ஹெஷனின் கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிப் பேசியும் பார்த்தாள். அவரைக் கூட்டி வாருங்கள், மீட்டரையும் கொண்டு வாருங்கள் என்று சொன்னார்கள். அவன் வரவேண்டுமே.

மார்ச் பிறந்த வாரம், தாயில்லாத குட்டி ஒன்றை அடுப்போரம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மாலகி பால் புட்டியோடு குந்தினான். குட்டி வாயைத் திறந்து காத்திருந்தது. அவன் காம்பைக் குட்டியின் வாய்க்கு ஒரு விரல் தள்ளி, காதோரத்தில் வைத்தான். மறுபடி வைத்தான். பால் கம்பளியில் வழிந்தது. மூன்றாவது தடவை இடது கையால் குட்டியின் வாயைத் தடவிப் பார்த்துக் காம்பைச் செருகினான்.

பார்ட்லி அதைப் பார்த்தான். அட்ராக்டாவைப் பார்த்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. ரத்தம் எடுக்கிற நாள். காலைப் பஸ்ஸை ஓட்டி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழக்கம். மாலகி தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவோரம் ஆணியில் கைவைத்தான். பஸ் சாவி இல்லை.

"சாவி எங்க?"

"என்கிட்ட."

"குடு."

"குடுக்க மாட்டேன்."

"பிள்ளைங்க ரோட்டுல மழைல நிக்கும் அட்ராக்டா."

"நிக்கட்டும். நனைஞ்சா துவட்டிக்கலாம். ரெண்டு பக்கமும் சதுப்பு இருக்கிற ரோடு அது. நேத்து உன் கைல இருந்த புட்டி ஆட்டுக்குட்டி வாயைத் தேடுச்சு. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நீ பிள்ளைங்கள ஏத்தப்போறியா?"

"புகை. கண்ல புகை."

"போதும் மாலகி. தாகத்துக்கு ஆரஞ்சு, இளைப்புக்கு ஆஸ்பத்திரி, கண்ணுக்குப் புகையா?"

"லேப்ல சரின்னு—"

"லேப் பஸ் ஓட்டல. நீ ஓட்டுற."

மாலகி பார்ட்லி பக்கம் திரும்பினான். "நீ சொல்லேன். வாயில்லையா உனக்கு?"

பார்ட்லி அடுப்பைக் கிளறினான். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்றான், அடுப்பிடம் சொல்வது போல.

அட்ராக்டா ஃபோனை எடுத்தாள். பஸ் முதலாளியின் எண்ணை அவன் கண்முன்னே அழுத்தினாள். "நான் மாலகி வீட்டுல இருந்து பேசறேன். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. வேற ஆளை அனுப்புங்க. இன்னிக்கு மட்டும் இல்ல."

மாலகி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். அவன் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது.

"கண்ணு தெரியலன்னு சொன்னியா?" அவன் கத்தவில்லை. "சாயங்காலத்துக்குள்ள கேரோகீல் ஊர் முழுக்கத் தெரியும். இனி எந்த அம்மா தன் பிள்ளைய என் பஸ்ல ஏத்துவா? நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாயிரு."

அப்புறம் அவன் வெளியே போய்க் காரின் முன்பக்கம் ஏறினான். ஓட்டுகிற பக்கம் இல்லை, மறுபக்கம். அவளை ஓட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அட்ராக்டாவுக்குப் புரிந்தது. அவனுக்கே தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறதோ.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறை நர்ஸ் கன்செப்டாவுக்கு மாலகி பழகின ஆள். ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினாள், தடவினாள், மறு கையில் கட்டினாள்.

"என்ன மாலகி, இன்னிக்கு நரம்பு ஒளிஞ்சுக்குது? நாக்கை நீட்டுங்க. அடக் கடவுளே, கருவாடு மாதிரி இருக்கு. எவ்வளவு நாளா இப்படி?"

அட்ராக்டா சொன்னாள். தாகம், பெல்ட், கண், எல்லாம் சொன்னாள். கன்செப்டா அவன் கையைக் கழுவித் துடைத்து, தன் மீட்டரில் பார்த்தாள். பார்த்ததும் யாரையும் பார்க்காமல் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். இருபத்தாறு. நரம்பிலிருந்து எடுத்து அங்கேயே பார்த்ததிலும் அதேதான்.

"லேப்ல சரின்னு சொன்னாங்களே" என்றான் மாலகி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பையன் மாதிரி இருந்தது குரல்.

"எந்த டெஸ்ட்? மூணு மாசக் கணக்கா?" கன்செப்டா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அது எப்படிச் சொல்லும் மாலகி, உங்க விஷயத்துல? ரத்தத்துல இருக்கிற செவப்பணு மூணு நாலு மாசம் உடம்பைச் சுத்தி வரும். சுத்தச் சுத்த சர்க்கரை அது மேல படியும். எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பார்த்துத்தான் லேப்ல நம்பர் சொல்றாங்க. உங்களுக்கு நாங்க வாராவாரம் ஒரு பை எடுத்துடறோம். உடம்பு புதுசு புதுசா ஊற வைக்குது. நேத்துப் போட்ட சட்டைல எவ்வளவு அழுக்கு ஏறும்? அழுக்காகுறதுக்குள்ள நாங்க உருவிடறோமே."

"அப்ப வீட்டு மெஷின்..."

"அது அந்த நிமிஷம் ரத்தத்துல என்ன ஓடுதோ அதைச் சொல்லுது. கை சுத்தமா இருந்தா அது பொய் சொல்ல என்ன இருக்கு?" அவள் அவன் தோளைத் தட்டினாள். "உங்களுக்கு வயசு அறுபத்தொண்ணு. ரத்தம் மட்டும் இளரத்தம். அதான் லேபை ஏமாத்திடுச்சு."

டாக்டர் மீதியைச் சொன்னார். இரும்பு ஈரலோடு நிற்கவில்லை, கணையத்திலும் படிந்திருக்கிறது. இன்சுலின்தான். ரத்தம் எடுப்பதையும் விட முடியாது; விட்டால் ஈரல் போகும். எடுக்கிற வரைக்கும் அந்த மூன்று மாதப் பரிசோதனையை நம்ப முடியாது. வேறு பரிசோதனை உண்டு, செய்யலாம். ஆனால் அன்றாடத்துக்கு விரல்தான்.

அட்ராக்டா சுவரோரம் நின்றாள். ஜெயித்த மாதிரி எதுவும் உள்ளே எழவில்லை. அத்தனை வாரமும் அவள் அந்த டப்பாவோடு மல்லுக்கட்டியது, என்றாவது ஒரு நாள் அது ஆறு என்று காட்டாதா என்றுதான். காட்டியிருந்தால் ஊர் முழுக்கப் போய், நான்தான் பைத்தியக்காரி என்று சொல்லியிருப்பாள்.

மறுநாள் டாக்டர் ஹெஷன் தானே ஃபோனில் கூப்பிட்டாள். "வாராவாரம் ரத்தம் எடுக்கறது எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒண்ணா வெச்சு நான் பார்க்கல. மன்னிச்சிருங்க."

"நான் கூப்பிட்டப்பவே அவர் வந்திருந்தா நீங்க பார்த்திருப்பீங்க" என்றாள் அட்ராக்டா. அதற்குமேல் அவளுக்குக் கோபப்படத் தெம்பில்லை.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மாலகி வீட்டுக்கு வந்தான். கண் தெளிந்தது. தாகம் அடங்கியது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. தானே விரலைக் குத்தினான், தானே தொப்பையில் ஊசி போட்டுக்கொண்டான். அட்ராக்டாவோடு மட்டும் பேசவில்லை.

பஸ்ஸை இப்போது வேறு ஒருத்தன் ஓட்டினான். காலையில் அது வாசலைத் தாண்டுகிற நேரம் மாலகி கொட்டகைக்குப் போய்விடுவான். அங்கே வேலை இருந்தாலும் போவான், இல்லாவிட்டாலும் போவான். குட்டிகள் எல்லாம் மேட்டுக்குப் போன பிறகு அவன் போக வேறு இடம் இல்லை. மழை விடவில்லை. மூன்று பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பார்ட்லி, அவகிட்ட சொல்லு. உருளைக்கிழங்கு ரெண்டு போதும்."

"அவ ஒரு முழம் தள்ளித்தானே நிக்கிறா? நான் என்ன தபால்காரனா?"

"சொல்றியா இல்லியா?"

"தாயே, உன் வீட்டுக்காரருக்கு உருளைக்கிழங்கு ரெண்டு போதுமாம்."

"இன்சுலின் போட்டாச்சான்னு கேளு" என்பாள் அட்ராக்டா.

"கேக்குறா."

"ஆச்சுன்னு சொல்லு."

இப்படியே மார்ச் போய் ஏப்ரலும் பாதி போனது. நண்டு ஆலையில் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. புருஷன் பிழைப்பைத் தன் வாயாலே கெடுத்தவள் என்று சிலர் சொன்னார்களாம். பிள்ளைகளைக் காப்பாற்றினவள் என்று சிலர் சொன்னார்களாம். இரண்டும் அவள் காதுக்கு வந்தது. இரண்டாலும் வீட்டில் ஒரு சொல் கூடவில்லை.

அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது கன்செப்டா கேட்டாள். "கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா? அவங்களையும் இரும்புக்குப் பார்க்கணும். இது குடும்பத்துல ஓடுறது."

பார்ட்லி கேட்டதும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான். "என் ரத்தம் என்கிட்டயே இருக்கட்டும். இவ குத்தினப்பவே ஆறுன்னு வந்துச்சில்ல? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அது சர்க்கரை. இது இரும்பு" என்றாள் அட்ராக்டா.

"ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

இரண்டு வாரம் கழித்து வந்த வியாழக்கிழமை காலை, மாலகி விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, கதவோரம் கிடந்த பார்ட்லியின் பூட்ஸை எடுத்து வந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தான்.

"போடு."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"நானும் அதைத்தான் சொன்னேன். ஜனவரி பூரா சொன்னேன். லேப் சொன்னதைச் சொல்லிச் சொல்லி இவ வாயை அடைச்சேன்." அவன் குனிந்து பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தினான். "எனக்கு நல்லா தெரியும் பார்ட்லி. அந்தக் கோயில் வளைவுல ஒருநாள் பாதை ரெண்டாத் தெரிஞ்சுது. பின்னாடி பிள்ளைங்க பாட்டுப் பாடிட்டு வருதுங்க. வண்டிய நிறுத்தினேன், கண்ணைத் துடைச்சேன், மறுபடி ஓட்டினேன். வீட்டுல வந்து சொல்லல."

அட்ராக்டா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

பார்ட்லி காலை நீட்டி ஒரு பூட்ஸுக்குள் விட்டான். "மத்ததையும் நீயே மாட்டி விடு. இவ்வளவு தூரம் வந்துட்ட" என்றான்.

அட்ராக்டா கார் ஓட்டினாள். மாலகி பக்கத்தில், பார்ட்லி பின்னால் முழங்கால் இடிக்க மடங்கி. சின்னக் கார், ஈரக் கம்பளி வாசனையும் மூன்று பேர் மூச்சும் கண்ணாடியில் பனியாகப் படிந்தது. மாலகி கைக்குட்டையால் அவள் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தான். மழை, மின்கம்பம், மழை. பார்ட்லி பண்ணையாரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துத் திட்டி முடித்தான்.

கோயில் வளைவு தாண்டியதும் பாதை சதுப்புக்குள் இறங்குகிற இடத்தில் மாலகி முன்னால் சாய்ந்து பார்த்தான்.

"வலப்பக்கமா எடு. இந்த ஓரத்துல தண்ணி நிக்குது."

"யார்கிட்ட சொல்ற?" என்றான் பார்ட்லி பின்னாலிருந்து. "நான் என்னத்தை எடுக்கிறது?"

"உன்கிட்ட இல்ல. ஓட்டுறவகிட்ட."

அட்ராக்டா வலப்பக்கமாக எடுத்தாள்.